இரண்டு கோப்புகளும் ஒரு தோளும்

என் தங்கை லிஃப்ட் மெக்கானிக். யாரிடம் சொன்னாலும் "தங்கச்சியா, தம்பியா?" என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். தங்கைதான். பதினோரு வருடமாக ஒரே கம்பெனி. ஊரின் கிழக்குப் பகுதியில் முப்பத்தாறு லிஃப்ட்டுகள் அவள் பொறுப்பில் ஓடுகின்றன. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த கூட்டாளி மெக்கானிக்கும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அவர் கனத்த உடம்புக்காரர். லிஃப்ட் மேலே ஏறும்போது மறுபக்கத்தில் ஓர் இரும்புப் பாரம் கீழே இறங்கும். அதற்கு எடைக்கல் என்று பேர். அவருக்கும் அதே பேர்தான். வைத்தவள் இவள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "நான் இல்லாட்டி நீ மேல ஏற முடியாதுன்னு ஒத்துக்கிட்டியே, அது போதும்" என்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். பார்சல் கிடங்கில் வேலை. வருகிற பொதிகளை விலாசம் பார்த்துப் பிரித்து அந்தந்தக் கூண்டில் போட வேண்டும். ஒன்று மாறிப்போனாலும் அது எங்கோ போய்விடும் என்பதால் எதையும் பிரித்து வைக்கிற பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. என் வேலையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவைச் சொன்னதற்குக் காரணம் பின்னால் வரும்.

சின்னவளின் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கட்டடத்திலும் காவலாளியின் மேஜையில் ஒரு புகார்ப் புத்தகம் இருக்கும். அதில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் நாளும் நேரமும். இரண்டாவதில் என்ன புகார். மூன்றாவதில் மெக்கானிக் என்ன கண்டுபிடித்தார். நான்காவது கட்டம் கையெழுத்துக்கு. மெக்கானிக்கின் கையெழுத்து அல்ல, புகார் கொடுத்தவரின் கையெழுத்து. அவர் போடுகிறவரை அந்த வரி முடிந்ததாகக் கணக்கில்லை.

ஆறாவது மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், லிஃப்ட் தூக்கிப் போடுகிறது என்று புகார் எழுதிக்கொண்டே இருந்தாராம். மூன்று மெக்கானிக்குகள் வந்து ஓட்டிப் பார்த்து "குறை இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார்கள். டீச்சர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நான்காவதாகப் போனவள் சின்னவள். "நீங்க எப்படி ஏறுவீங்களோ அப்படியே ஏறுங்க டீச்சர், நானும் கூட வரேன்" என்றாள். டீச்சருக்கு முட்டி வலி. பின்பக்க இடது மூலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்பார். அந்த மூலையில் பாரம் விழும்போது மட்டும் நான்காவது மாடியைத் தாண்டுகையில் லிஃப்ட் உதறியது. வந்துபோன மூன்று பேரும் நட்ட நடுவில் நின்று ஓட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து சின்னவள் மூன்றாவது கட்டத்தில் "குறை இல்லை" என்று எழுதியதே இல்லை. "இன்று கிடைக்கவில்லை" என்றுதான் எழுதுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மூன்று வருடமாக டாக்டர்கள் "குறை இல்லை" என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினான்கு வயதிலிருந்தே மாதத்தில் மூன்று நாள் அவள் சுருண்டுகொள்வாள். அம்மா இருந்தவரை "பொம்பளைன்னா அப்படித்தான், பல்லைக் கடிச்சுக்கோ" என்று வெந்நீர்ப் பையைக் கொடுப்பார். சின்னவளும் கடித்துக்கொண்டாள். முப்பதைத் தாண்டியபோது வலி கூடியது, உதிரப்போக்கும் கூடியது. என் மனைவி அவளைப் பெண்கள் டாக்டரிடம் அழைத்துப் போனாள். மூன்று முறை ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று முறையும் எல்லாம் நன்றாக இருந்தது. "டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்றார் டாக்டர். இன்னொரு முறை, "ஆம்பளைங்க வேலை பாக்குறீங்க, உடம்பு தாங்குமா? கல்யாணம் பண்ணிக்கிட்டா பாதி சரியாயிடும்" என்றார். வீட்டுக்கு வந்து என் மனைவி சொன்னாள், "மீதி பாதிக்கு எதைப் பண்ணிக்கணும்னு கேக்க மறந்துட்டோம்." சின்னவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள்.

இரண்டரை வருடத்துக்கு முன் வலது தோள் வலி வந்தது. அதற்கு எலும்பு டாக்டரிடம் நான் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு நன்றாக இருந்தது. "ஸ்பேனர் பிடிக்கிற கை. வலிக்கலைன்னாதான் ஆச்சரியம்" என்று களிம்பும் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். களிம்பு தீர்வதற்குள் வலி போய்விடும். பிறகு வரும். களிம்பு மறுபடி வாங்குவோம்.

நான் இரண்டு கோப்புகள் போட்டேன். நீலம் தோளுக்கு. சிவப்பு மற்றதற்கு. இரண்டிலும் உள்பக்க அட்டையில் கோடு போட்டு, வலி தொடங்குகிற தேதியைத் தவறாமல் எழுத ஏற்பாடு செய்தேன். நீலத்தில் நான் எழுதினேன். சிவப்பில் என் மனைவி எழுதினாள். சிவப்புக் கோப்பின் மேல் லேபிள் ஒட்டியது நான்தான். அதன் பிறகு அதை நான் திறந்ததில்லை. அது பெண்கள் சமாச்சாரம், தங்கையின் சமாச்சாரம், அண்ணன் புரட்டிப் பார்ப்பதா என்று அலமாரியில் வேறு தட்டில் வைத்துவிட்டேன். சின்னவளும் என் முன்னால் தோள் என்பாளே தவிர மற்றதைப் பேசமாட்டாள். எலும்பு டாக்டர் அறைக்குள் நான் போவேன். பெண்கள் டாக்டர் அறைக்குள் என் மனைவி போவாள். இரண்டு அறைக்குள்ளும் போனவள் அவள் ஒருத்திதான். அவள் பேச்சை யாரும் முழுதாகக் கேட்கவில்லை.

போன வருடம் ஒரு நாள் எடைக்கல் எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்னவள் கடைக்குப் போயிருந்தாள். அது தெரிந்துதான் வந்திருக்கிறார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அக்கா நம்மகிட்ட மறைக்குது."

"என்னத்த?"

"மூச்சு. இன்னிக்கு லிஃப்ட்டுக் கூண்டு மேல நின்னு கம்பிக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்துச்சு. சட்டுனு குத்துக்கால் போட்டு உக்காந்துடுச்சு. மூச்சை உள்ள இழுக்க முடியல, வலது பக்கம் கத்தி மாதிரி குத்துதுங்குது. நான் நிறுத்துற பட்டனை அமுக்கிட்டேன். அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல. அங்கேருந்து விழுந்தா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து மதியம் பார்சல் வருகிற பெல்ட் ஓடிக்கொண்டிருக்கையில் போன் அடித்தால் என் கை நின்றுவிடும். ஒரே வாரத்தில் இரண்டு பொதிகளைத் தவறான கூண்டில் போட்டேன். இருபது வருடத்தில் முதல் முறை.

அடுத்த மாதம் இன்னொரு கட்டடத்தில், மேல்தளத்து மெஷின் ரூமில், இருவரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். எடைக்கல் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. அந்தக் கறுப்பு பேண்ட்டைத் தூக்கிப் போட்டுடு."

"ஏன், நல்லா இல்லையா?"

"ராசி இல்லைக்கா. நான் ரொம்ப நாளா பாக்குறேன். நீ கறுப்பு பேண்ட் போட்டா உனக்குத் தோள் வலிக்குது. காக்கி போட்டா வலிக்கல. அன்னிக்கு மூச்சு அடைச்சப்பவும் கறுப்புதான்."

சின்னவள் திட்டவில்லை. ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாளாம். கறுப்பு பேண்ட்டை அவள் எந்த நாட்களில் போடுகிறாள் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. கறை பட்டாலும் வெளியே தெரியக் கூடாது என்று அந்த மூன்று நாட்களுக்காகவே எடுத்து வைத்திருக்கிற பேண்ட் அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணா, ரெண்டு ஃபைலையும் எடு" என்றாள்.

"எதுக்கு?"

"எடேன்."

சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். நான் நீலத்திலிருந்து தேதியை வாசித்தேன். என் மனைவி சிவப்பிலிருந்து வாசித்தாள். சின்னவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தாள். முதல் நான்கை வரிசையாக வாசித்துவிட்டேன். ஐந்தாவதில் நிறுத்தி, சிவப்புக் கோப்பை எட்டிப் பார்த்தேன். நான் ஒரு தேதியைச் சொல்வேன், என் மனைவி அதையே சொல்வாள். சில சமயம் ஒரு நாள் முன்னே பின்னே. ஒரே ஆளுக்கு வந்த பொதியை இரண்டாகப் பிரித்து இரண்டு கூண்டில் போட்டு, இரண்டு வருடம் பூட்டி வைத்தவன் நான்.

"பத்தொன்பதுல பதினேழு" என்றாள் சின்னவள்.

"ரெண்டு பொருந்தலையே" என்றேன். எதையாவது பிடித்துக்கொண்டு இது உண்மையில்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது.

"ஒண்ணு மோட்டார் தூக்கினப்ப வந்தது. இன்னொண்ணு ஏன்னு தெரியல. ரெண்டு பொருந்தலன்னும் எழுது. மறைக்காத."

என் மனைவி மெதுவாகக் கேட்டாள், "தோளுக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணி? கீழ்மாடிக் கதவு சிக்குதுன்னா கோளாறு மேல் ரூம்ல இருக்கும். கதவையே பாத்துட்டு இருந்தா ஆயுசுக்கும் கதவையே பாக்க வேண்டியதுதான்."

அன்று ஒரு புதிய நோட்டு வாங்கி வந்தாள். தேதிகள் குறித்த அந்தத் தாளை முதலில் ஒட்டிவிட்டு, நான்கு கட்டம் போட்டாள். நாளும் நேரமும், புகார், கண்டுபிடித்தது, கையெழுத்து. மூன்று மாதம் அதில் எழுதினாள். தோள் எத்தனை மணிக்குத் தொடங்கியது, படுத்தால் கூடுகிறதா, மூச்சை இழுத்தால் எங்கே குத்துகிறது, எத்தனை பேட் மாற்றினாள், எந்த மாத்திரை, எத்தனை மணி நேரம் கேட்டது. எழுதக் கை வராத நாட்களில் என்னிடம் சொல்லுவாள், நான் எழுதுவேன். முதல் நாள் "பேட்" என்று எழுதும்போது எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்றாம் மாதம் எண்ணிக்கையைக் கூட்டிச் சரிபார்க்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

பயம் மட்டும் மூவருக்கும் குறையவில்லை. மூன்று மாதத்தில் மூன்று முறை வலி வந்தது. மூன்று முறையும் கறுப்பு பேண்ட் நாட்களில். மூன்றாவது முறை அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுத்தால் மூச்சு முட்டியது.

டாக்டரிடம் நேரம் வாங்கும்போது என் மனைவி வழக்கம்போல் நல்ல நாளாகப் பார்த்து வாங்கப் போனாள். அந்த மூன்று நாளும் கழிந்து, குளித்து, தெம்பாக இருக்கிற நாள். டாக்டர் முன்னால் போய் எப்படி அந்த மாதிரி உட்கார்வது என்பது அவள் நினைப்பு. மூன்று ஸ்கேனும் அப்படி நல்ல நாட்களில் எடுத்தவைதான்.

"ரெண்டாம் நாள் வாங்குங்க அண்ணி" என்றாள் சின்னவள். "மாத்திரையும் போட மாட்டேன். ஓடும்போது பாத்தாத்தான் தெரியும்."

அப்படியே போனோம். இந்த முறை நானும் போனேன். அந்தக் காத்திருக்கும் பெஞ்சில் நான் ஒருவன்தான் ஆண். சுவரில் கருப்பையின் படம் ஒட்டியிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார், "யாருக்குப்பா, உனக்கா?" பெஞ்சே சிரித்தது.

"தங்கச்சிக்குங்க."

"வந்தியே, நல்ல பிள்ளை. எங்க வீட்டு ஆளு வாசல் கேட் வரைக்கும்தான். அங்க நின்னு ஆஸ்பத்திரிக்குக் காவல் காப்பாரு."

சின்னவள் சிரிக்கவில்லை. வலது கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, குட்டிக் குட்டியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கியிருந்தாள். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது அப்படித்தான் மடக்குவாள்.

உள்ளே போனதும் டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க?"

"அண்ணன்."

"நீங்க வெளியில இருங்க சார்."

"அவர் இருக்கட்டும் டாக்டர்" என்றாள் சின்னவள். "தோள் ஃபைல் அவர்கிட்ட இருக்கு."

"தோளுக்கு நான் டாக்டர் இல்லம்மா."

"தெரியும் டாக்டர். எலும்பு டாக்டரைக் கேட்டா வயித்துக்கு அவர் டாக்டர் இல்லம்பார். எனக்குத் தோளும் வயிறும் ஒரே உடம்புலதான் இருக்கு."

டாக்டர் பேனாவைத் தட்டினார். சின்னவள் நோட்டை முன்னால் வைத்தாள். டாக்டர் அதைத் திறக்கவில்லை. அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டே பேசினார். "பாருங்க, உங்க ஸ்கேன் மூணும் நார்மல். நெட்டுல எதையாவது படிச்சுட்டு வந்து மனசைக் குழப்பிக்காதீங்க. தோள் வலிக்கும் மாதவிலக்குக்கும் சம்பந்தம் இல்ல."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொண்டு எழுந்து வருகிற வளர்ப்பு எங்களுடையது. சின்னவள் எழவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"சரி டாக்டர். அப்ப ஒரு உதவி. மாதவிலக்கு வரும்போதெல்லாம் வலது தோளும் மூச்சும் வலிக்குதுன்னு நான் சொன்னேன், அதுக்கு மேல பாக்கத் தேவையில்லன்னு நீங்க முடிவு பண்ணீங்க. இதை என் ஃபைல்ல எழுதி, தேதி போட்டுக் குடுத்துடுங்க."

டாக்டர் நோட்டிலிருந்து கையை எடுத்தார். வெளியே ஒருவர் பேரைக் கூப்பிடுவது கேட்டது.

"மிரட்டுறீங்களா?"

"இல்ல டாக்டர். நான் லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவ. குறை இல்லன்னு சொன்னா நானும் எழுதித்தான் குடுக்கணும். நாளைக்கு அதுல யாராவது மாட்டிக்கிட்டா, யார் பாத்தாங்கன்னு தெரியணும்ல?"

அதன் பிறகுதான் டாக்டர் நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தைச் சட்டென்று புரட்டினார். இரண்டாவது பக்கத்தில் வேகம் குறைந்தது. மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு தடவை பொருந்தலையே."

"ஆமா. அதனாலதான் அதையும் எழுதியிருக்கேன்."

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"ரெண்டாவது."

"இப்ப வலிக்குதா?"

"மூச்சு விடும்போது."

டாக்டர் எழுந்து வந்தார். முதல் முறையாக அவள் வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து, "மெதுவா இழுங்க" என்றார். சின்னவள் பாதி மூச்சில் நின்றுவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. டாக்டர் இருக்கைக்குத் திரும்பி, ஒரு முழுப் பக்கம் எழுதினார். பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் அறுவை டாக்டருக்கான கடிதம். "எனக்கு இது தெரியல. தெரிஞ்சவங்க பாக்கட்டும்" என்றார். தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை டாக்டர் குறைவாகப் பேசுகிற அம்மா. நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலம் மாதிரியே வெளியில் வேறு இடங்களில் வளர்வதுண்டு, மாதாமாதம் அதுவும் வீங்கும், கசியும் என்றார். எண்டோமெட்ரியோசிஸ் என்று பேர். பெரும்பாலும் அடிவயிற்றில் இருக்கும். அபூர்வமாக, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே தடுப்பு மாதிரி இருக்கிற தசையில் போய் ஒட்டும். அந்தத் தசையில் ஏற்படுகிற வலி தோளில் தெரியும். "இருக்கும்னு நான் சொல்லல. இருக்கான்னு பாக்கணும்."

ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் கவுன்டரில் இருந்தவர் மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார். சின்னவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தத் தேதி வேண்டாம், இதுக்கு எட்டு நாள் கழிச்சு குடுங்க" என்றாள்.

"தேதி நாங்கதாம்மா குடுப்போம். இது என்ன சினிமா டிக்கெட்டா, உங்களுக்குப் பிடிச்ச சீட்டைக் கேக்க?"

"சினிமாவா இருந்தா எந்த நாள் வந்தாலும் அதே படம்தான் சார் ஓடும். எனக்கு அந்த மூணு நாள்தான் ஓடுது. டாக்டரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க, சீட்டுல கீழ பாருங்க."

அவர் கீழே பார்த்தார். எழுதியிருந்தது. முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். ஆனால் ஸ்கேனும் தெளிவாக எதையும் சொல்லவில்லை. கல்லீரலுக்குப் பின்னால் ஒரு சின்ன நிழல். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று அறிக்கையில் இருந்தது. துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி என்றார் அறுவை டாக்டர்.

அதற்கிடையில் கம்பெனி மேலாளர், மூச்சுப் பிரச்சினை தீர்ந்தது என்று டாக்டர் சீட்டு வராமல் லிஃப்ட்டுக் கூண்டின் மேல் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். அவளை ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் உட்கார வைத்தார்கள். முப்பத்தாறு லிஃப்ட்டையும் எடைக்கல் ஒருவரே பார்த்தார். சாயங்காலம் போன் செய்து, "அக்கா, பதினாலாம் நம்பர் கட்டடத்துல கதவு உன்னைக் கேட்டுச்சு" என்பார்.

அறுவைக்கு முன்தினம் ஒப்புதல் படிவம் கொண்டுவந்தார்கள். என்னிடம் பேனாவைக் கொடுத்தார் நர்ஸ். சின்னவள் படிவத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கையெழுத்துப் போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். முகம் வெளுத்திருந்தது. பயந்து பின்வாங்குகிறாளோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

டாக்டர் வந்தார். "என்னம்மா?"

"இதுல அடிவயிறுன்னு மட்டும்தான் போட்டிருக்கு டாக்டர். மேல பாப்பீங்களா?"

"ஒரு பார்வை பாப்போம்."

"ஒரு பார்வை போதாது டாக்டர். எங்க வேலையில புது ஆளுங்க லிஃப்ட்டுக்குக் கீழ இருக்கிற குழியைப் பாத்துட்டு, நிமிந்து ஒரு தடவை மேல பாத்துட்டுக் கிளம்பிடுவாங்க. மேல ரூமுக்கு ஏறிப் போக மாட்டாங்க. கல்லீரலுக்கு மேலயும் பின்னாலயும் கேமராவைத் திருப்பிப் பாக்கணும்னு எழுதணும். இல்லன்னாலும் இல்லன்னு படம் எடுக்கணும்."

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எப்பவும் இப்படித்தானா?" என்றார் என்னிடம்.

"முப்பத்தாறு லிஃப்ட்டும் ஒழுங்கா ஓடுதுங்க" என்றேன்.

டாக்டர் படிவத்தில் இரண்டு வரி கையால் எழுதிச் சேர்த்து, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே சின்னவள் போட்டாள்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரை மணி நேரம் என்றார்கள். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. என் மனைவி வாசலைப் பார்த்தபடி இருந்தாள். எடைக்கல் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் முன்னால் நின்று அது நிற்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பிரேக் தேஞ்சிருக்கு, யாரும் கவனிக்கல" என்றார். எனக்கு இரண்டு பயம் இருந்தது. ஒன்று, உள்ளே ஏதாவது இருக்குமோ என்பது. இன்னொன்று, எதுவும் இல்லை என்று வந்துவிடுமோ என்பது. இரண்டாவது பயத்தை யாரிடமும் சொல்ல முடியாது. தங்கைக்கு நோய் இருக்க வேண்டும் என்று எந்த அண்ணன் நினைப்பான்? ஆனால் மூன்று வருடம் கழித்து இன்னொரு தாளில் "குறை இல்லை" என்று எழுதி வந்தால், அவள் அதை எப்படித் தாங்குவாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றே காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். கையில் படங்கள்.

"அடிவயித்துல மூணு இடத்துல இருந்துச்சு. எடுத்துட்டோம்." அடுத்த படத்தைக் காட்டினார். செம்பழுப்பான ஒரு சுவர் மாதிரி இருந்தது. அதில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். "இது கல்லீரலுக்குப் பின்னால, அந்தத் தடுப்புத் தசையில. ஆறு. முன்னாலிருந்து பாத்தா ஒண்ணுகூடத் தெரியாது. கேமராவை வளைச்சு உள்ள கொண்டுபோனப்பதான் தெரிஞ்சுது." படத்தை என்னிடம் கொடுத்தார். "இதை இன்னிக்குத் தொடல. நுரையீரல் பக்கத்துல இருக்கு. நெஞ்சு டாக்டரும் நானும் சேர்ந்து செய்யணும். பத்து வாரம் கழிச்சு."

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எடைக்கல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பேண்ட் மேல தப்பு இல்ல" என்று மெல்லச் சொன்னார். அதற்குள் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தோம்.

சின்னவளுக்கு மதியம் நினைவு தெளிந்தது. உதடு காய்ந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மேலயா?"

"மேல ஆறு. கீழ மூணு."

"படம்?"

"வாங்கி வெச்சிருக்கேன்."

முஷ்டிக்குள் இருந்த கட்டைவிரல் வெளியே வந்தது. பிறகு தூங்கிவிட்டாள். மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் படத்தை நோட்டில் ஒட்டினாள். மூன்றாவது கட்டத்தில் "கிடைத்தது" என்று எழுதி, இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்தாள். நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டாள். எடுத்தாலும் திரும்ப வளரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னபோது என் மனைவிதான் அழுதாள். சின்னவள், "வந்தா எங்க தேடணும்னு இப்பத் தெரியும்ல அண்ணி" என்றாள். ஆனால் நெஞ்சு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்ததை நான் கவனித்தேன். நுரையீரலுக்குப் பக்கத்தில் கத்தி போவது என்பது யாருக்கும் சின்ன விஷயம் இல்லை.

இப்போது நீலமும் சிவப்பும் இல்லை. எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன். அது தட்டில் அல்ல, சமையலறை மேஜையின் மேல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

போன வாரம் தோள் வலி மறுபடி வந்தது. முதல் நாள், காலை ஆறே முக்கால். நான்தான் எழுதினேன். எழுதிவிட்டு, ஏதாவது தைரியம் சொல்ல வேண்டுமே என்று, "கண்டுபிடிச்சாச்சு இல்ல, அந்தப் பழைய வரியிலாவது கையெழுத்துப் போட்டுடேன்" என்றேன்.

"கண்டுபிடிச்சா போதுமாண்ணா? வேலை முடியணும். முடிஞ்சு கொஞ்ச நாள் ஓடணும். அப்புறம்தான்."

வருகிற வியாழக்கிழமை இரண்டாவது அறுவை. ஆஸ்பத்திரிப் பையை நேற்றே கட்டிவிட்டாள். துண்டு, செருப்பு, இரண்டு மாற்றுடை. எல்லாவற்றுக்கும் மேலே, எடுக்கத் தோதாக, அந்த நோட்டு.